ஆறு பட்டன்

வீடியோக் கடையில் டிவிடிக்கு மெனு போடும் வேலையைக் கனகவல்லி ஒரு வாரமாகத்தான் பழகுகிறாள். திரையில் ஒரு படம், அதன் மேல் ஆறு பட்டன். எதை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்று நாம்தான் சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் டிஸ்க் பேந்தப் பேந்த விழிக்கும். அவள் போடும் முதல் டிஸ்க், சொந்தத் தங்கை பூரணியின் கல்யாணம். "மாப்பிள்ளையோட அப்பா போன் பண்ணார்மா. பந்தியில நடந்ததை வெட்டிடணுமாம். நல்லதை மட்டும் வைக்கச் சொல்றார்" என்றார் முதலாளி.

நல்லதாம்! நுனி வலப்பக்கம் வரும்படி யாரோ இலை போட்டுவிட்டார்கள் என்று, பரிமாறிய இலையை அப்படியே வாரித் தரையில் வீசிய மனுஷன் அவர். கனகவல்லியின் அப்பாதான் தோள் துண்டால் தரையைத் துடைத்தார், வேறு இலையைத் தன் கையால் விரித்தார், ஊரே பார்க்கக் கும்பிட்டு நின்றார். கனகவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு பட்டன்களுக்கு வழி சொன்னாள். மாப்பிள்ளை அழைப்பு, அந்த இலைக்கு. தாலி கட்டு, அந்த இலைக்கு. ஆறும் அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூரணி போனில் கூப்பிட்டாள். "அக்கா, டிஸ்க்கைப் போட்டாச்சு. மாமா, அத்தை, அவங்க சொந்தக்காரங்க எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்திருக்காங்க. ரிமோட் எங்கிட்டதான் இருக்கு. முதல்ல எதை அழுத்துறது?"

"எதை வேணும்னாலும் அழுத்துடி."