ஏழுக்கு அடியில்

"நல்லாப் பாரும்மா. அது மூணுதான்."

வெர்னா லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையை ஆட்டினாள். "மூணு இல்ல சார்."

லங்காஸ்டர் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் மாதம் ஒரு ஞாயிறு காசுச் சந்தை நடக்கும். கடைசி மேசை வெர்னாவுடையது. அவள் காசு விற்பதில்லை, வாங்குவதும் இல்லை. பழைய வெள்ளிக் காசைக் கொண்டுவந்து நீட்டினால், அது எந்த அச்சில் அடித்தது என்று பார்த்துச் சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். அவள் கையெழுத்துக்கு ஏலக்காரர்களிடம் மறுபேச்சு கிடையாது.

எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு எழுபது தாண்டியிருக்கும். ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் என்று மட்டும் சொன்னார். அவர் கொண்டுவந்தது 1817ஆம் வருஷத்து அரை டாலர். ஏழுக்கு அடியில் வேறொரு எண் மங்கலாகத் தெரிந்தது.

அந்தக் காலத்து நாணயசாலையில் எதையும் வீணாக்க மாட்டார்கள். பழைய வருஷத்து அச்சு மிச்சமிருந்தால், கடைசி எண்ணின் மேலேயே புது எண்ணை அடித்துவிடுவார்கள். 1813ஆம் வருஷத்து அச்சில் ஏழை அடித்த காசுகள் நிறையவே கிடைக்கும். 1814ஆம் வருஷத்து அச்சில் அடித்தவையோ, நாடு முழுக்கத் தேடினாலும் பத்துப் பன்னிரண்டு தேறினால் பெரிது.

"மூணா இருந்தா வளைவு தெரியணும்," என்றாள் வெர்னா. "இங்க பாருங்க, ஏழோட காலைக் குறுக்கே வெட்டிக்கிட்டு நேர்க்கோடு போகுது. நாலுக்குத்தான் அப்படி ஒரு கோடு உண்டு."

"யாராவது கீறியிருப்பாங்க."

"கீறினா பள்ளம் விழும். இது மேடு."

"அழுக்கா இருந்தா?"

"இருநூறு வருஷத்து அழுக்கு இவ்வளவு நேராவா உட்காரும்?"

அவர் சிரிக்கவில்லை. வெர்னாவுக்கு விசித்திரமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக இதே மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். மூன்றைக் கொண்டுவந்து, 'நாலுன்னு சொல்லிடுங்க மேடம்' என்று கெஞ்சாதவர்கள் குறைவு. ஒருவர் அழுதேவிட்டார். நாலைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று என்று சாதிப்பவரை இன்றுதான் பார்க்கிறாள்.

"வரிக்காரங்களுக்குப் பயப்படறீங்களா?"

"எனக்கென்ன பயம்!"

"வீட்டுல சண்டை வருமா?"

"வீட்டுல நான் ஒருத்தன்தான்."

பக்கத்து மேசைக்காரன் பீன்ஸ் சூப்பை ஊதிக் குடித்தபடி இந்தப் பக்கமே காதை வைத்திருந்தான். வெர்னா குரலைத் தாழ்த்தினாள்.

"எவ்வளவு நாளா உங்ககிட்ட இருக்கு?"

"எட்டு மாசம். அப்ப கண்ணுல புரை இருந்துச்சு. போன மாசம்தான் ஆபரேஷன். கட்டு பிரிச்சதும் எடுத்துப் பார்த்தேன், அந்தக் கோடு தெரிஞ்சுது. அன்னியிலேருந்து தூக்கம் போச்சு."

"சந்தோஷத்துல தூக்கம் வராதுதான்."

அவர் காசை அவள் பக்கம் நகர்த்தினார். "இன்னும் ஒரே ஒரு தடவை பாரும்மா. உன் கண்ணும் தப்பு பண்ணலாமில்ல?"

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பெட்டியிலிருந்து ஒரு பெரிய படத்தை எடுத்து மேசையில் விரித்தாள். நாலு என்று ஏற்கெனவே உறுதியான ஒரு காசின் படம். அந்த அச்சு சீக்கிரமே விரிசல் விட்டிருந்தது. விரிசலின் தடம் காசிலும் மெல்லிய கோடாக ஏறியிருந்தது. காசைப் படத்தின் பக்கத்தில் வைத்து விளக்கைச் சாய்த்தாள்.

"நீங்களே பாருங்க. விரிசல் எங்க ஆரம்பிக்குது, எங்க வளையுது? ரெண்டும் ஒண்ணுதானே?"

அவர் லென்ஸை வாங்கிக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது, கெட்ட செய்தி கேட்டவர் முகம் போலிருந்தது அவர் முகம்.

"நாலுதான்," என்றார்.

"ஒரு வீடே வாங்கலாம் சார். முகத்தை ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?"

"எழுதிக் கொடும்மா. நாளைக்கு யாரும் இல்லைன்னு சொல்ல முடியாதபடி எழுது."

வெர்னா தாளை எடுத்தாள். எடை, விளிம்பு, ஏழுக்கு அடியில் நாலு, விரிசல் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"காசுக்குச் சொந்தக்காரர் பேரு?"

"வென்டெல் ஹாஸ்."

பெயரை எழுதி, தாளை மடித்துக் கொடுத்துவிட்டுக் கை நீட்டினாள். "வாழ்த்துகள், மிஸ்டர் ஹாஸ்!"

அவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"என் பேரு ஆர்லோ," என்றார். "வென்டெல் இது நாலுன்னுதான் சொன்னான், நான் மூணுதான்னு அடிச்சுச் சொல்லி, இருநூறு டாலருக்கு அவன்கிட்டேயிருந்து வாங்கிட்டேன்."