கசிந்த வால்வு

பிறக்கும்போதே கோளாறு இருந்ததால், கைக்குழந்தையாக இருந்தபோதே தைத்துச் சரிசெய்த இதயம் அது. அதிலிருந்த வால்வு இன்று வெடவெடத்துக்கொண்டிருந்தது.

"இதுவரை என் உருவத்தைத்தான் படம் பிடித்தார்கள். இந்த ஸ்கேன் மெஷின் ரத்தம் ஓடுகிற வழியையே பார்க்குமாமே! நான் கசிவது தெரிந்தால் வெட்டி எறிந்துவிடுவார்கள். இன்றைக்கு மட்டும் திரும்பி வராதே தாயே" என்று ரத்தத்தைக் கெஞ்சியது.

"நீ ஒழுங்காக மூடினால் நான் ஏன் திரும்பப்போகிறேன்?" என்றது ரத்தம்.

மெஷின் தடதடத்தது. "மூச்சை அடக்குங்கம்மா" என்று வெளியிலிருந்து குரல் கேட்டது. வால்வும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி மூடிப் பார்த்தது. அப்படியும் கசிந்தது.

கசிந்ததையெல்லாம் வருஷக்கணக்காக வாங்கி வாங்கி வீங்கிப்போயிருந்த கீழறை, முதல் தடவையாக வாய் திறந்தது.

"எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இந்த மெஷினும் பார்க்காமல் விட்டுவிடுமோ என்று."