ஆமென் சொல்லும் முன்

ஆமென் சொல்வதற்குள் குப்பை லாரி வந்துவிடுகிறது. ஹாரன் கேட்டதுதான் தாமதம், கண்மூடி நின்ற அத்தனை பேரும் கொக்கியும் சாக்குமாகக் குப்பைமேட்டை நோக்கிப் பறக்கிறார்கள். சபையிலிருந்து வாராவாரம் மருந்துப்பெட்டியோடு வேனில் வரும் டீச்சர் கண் திறந்தால், எதிரே ஒருத்தி மட்டும் இடுப்பில் கைக்குழந்தையோடு தவிக்கிறாள். முந்தினால்தான் செம்புக் கம்பி. பிந்தினால் வெறும் காகிதம். குழந்தையின் நெற்றி அனலாய்க் கொதிக்கிறது. மேட்டில் பிளாஸ்டிக் எரியும் புகை வெயிலை மஞ்சளாக்குகிறது. "காய்ச்சலோட அங்க தூக்கிட்டுப் போகாதேம்மா. என்கிட்ட குடு." "யார்கிட்டயும் குடுத்ததில்லக்கா. நீங்க பாட்டுக்கு வேன் ஏறிட்டா?" "இந்தா, வேன் சாவி. நீயே வச்சுக்கோ." அவள் சாவியைப் பார்க்கிறாள், டீச்சரைப் பார்க்கிறாள், சாவியை வாங்காமல் குழந்தையை நீட்டுகிறாள். பிறகு முந்தானையில் சிவப்பாய் ஒரு துண்டு கிழித்து டீச்சரின் மணிக்கட்டில் இறுக முடிகிறாள். ஓடுகிறாள். இந்த மேட்டில் தாங்கள் பொறுக்கிய குவியலை விட்டுப் போகிறவர்கள் அதன்மேல் துணி கட்டுவார்கள்; கட்டியதை வேறு கை தொடாது. தவறவிட்ட கொக்கியை எடுக்கத் திரும்பி வரும் தாடிக்காரர் முடிச்சைப் பார்த்துச் சிரிக்கிறார். "டீச்சரம்மா, இனி நீங்க அவ சொத்து!" வேன் நிழலில் உட்கார்ந்து டீச்சர் ஈரத்துணியால் குழந்தையின் நெற்றியைத் துடைக்கிறார். குழந்தை சிவப்பு முடிச்சைப் பற்றியபடியே உறங்குகிறது. விட்ட ஜெபத்தை டீச்சர் மெல்லத் தொடர்கிறார், இம்முறை கண்ணை மூடாமல்.