வண்டிக்கு முடியவில்லை

"கியர்பாக்ஸ் செத்துப்போச்சாம், தம்பி. காயலான் கடைக்குப் போட்டுடுங்கன்னு அந்தத் தாடி வாய் கூசாம சொல்றான்."

பெரியவர் குமுறக் குமுற, மெக்கானிக்குக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. தாடி என்பது எதிர்ப் பட்டறைக்காரர். இருவருக்கும் ஒரே தெருவில் ஒரே தொழில், அப்புறம் எப்படி ஆகும்? அங்கே படுத்துவிட்ட அந்தப் பழைய வேனை நாலு பேர் தள்ளி, தெருவைத் தாண்டி இவனிடம் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பெரியவரின் மனைவி பையும் கையுமாகப் பின்னால் வந்து ஓரமாக நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. கியர் ஆயில் ஒழுகிப்போனால் எஞ்சின் உறுமும், சக்கரம் நகராது. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. மெக்கானிக் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்துச் சுத்தமாக்கினான். புதுச் சிவப்பு ஆயிலை ஊற்றினான். ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்து, எஞ்சினை ஓடவிட்டு, டார்ச்சோடு பக்கத்தில் படுத்துக்கொண்டான்.

"சீக்கிரம் பாரு, தம்பி. பள்ளிக்கூடம் விடறதுக்குள்ள பையனைக் கூப்பிடப் போகணும்" என்றார் பெரியவர்.

பேரனாக இருக்கும் என்று இவன் நினைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் அதையே மறுபடி சொன்னார். வயசானால் சொன்னதையே சொல்வது வழக்கம்தானே என்று விட்டுவிட்டான்.

அட்டையில் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது. கியர்பாக்ஸுக்குக் கீழே அல்ல, முன்னால், ரேடியேட்டர் பக்கம். விரலில் தொட்டு முகர்ந்தான். கருகல் வாடை இல்லை, ஆகவே கியர்பாக்ஸ் குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. டார்ச்சை மேலே அடித்தான். கியர் ஆயில் சூடு ஆறுவதற்காக ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தது. தானாகத் தளர்ந்ததில்லை. அதன் திருகாணியில் ஸ்க்ரூடிரைவர் பட்ட தடம் பளிச்சென்று புதிதாகத் தெரிந்தது.

தாடி கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். கிளிப்பை இறுக்கியதும் ஒழுகல் நின்றது. வெளியே வந்த மெக்கானிக், தெருவே கேட்கும்படி எதிர்ப் பட்டறையைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "ஒரு கிளிப்பைத் தளர்த்தி விட்டுட்டு, கியர்பாக்ஸ் போச்சுன்னு சொல்றதுக்குப் பேரு தொழிலா?"

தாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பெரியவர் விடுவிடுவென்று தெருவைத் தாண்டிப் போய், அவரை வாய்க்கு வந்தபடி ஏச ஆரம்பித்தார். வேலைக்கு வந்திருந்தவர்கள் எல்லார் முன்னாலும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார் அந்த மனிதர். மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

"தம்பி, அவர் மேல தப்பில்லை. நான்தான் அழுது கேட்டுக்கிட்டேன்."

பெரியவரின் மனைவி அவன் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"இவர் கூப்பிடப் போறேன்னு சொல்ற பையனுக்கு இப்போ முன்மண்டை வழுக்கை. குடும்பத்தோட கடல் தாண்டி இருக்கான். இவர் தினமும் பழைய பள்ளிக்கூட வாசல்ல வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தறார். திரும்பி வர வழி தெரியறதில்லை. போன வாரம் எதிர்ப்பக்கமா விட்டுட்டார். சைக்கிள்ல வந்த ஒரு குழந்தை மயிரிழையில தப்பிச்சுது. சாவியை ஒளிச்சு வெச்சா வீட்டையே புரட்டிப் போட்டு அழறார். உங்களுக்கு முடியலைன்னு டாக்டர் சொன்னா நம்ப மாட்டேங்கறார். வண்டிக்கு முடியலைன்னா நம்புவார், தம்பி."

மெக்கானிக்குக்குக் கொஞ்ச நேரத்துக்கு முன் தான் போட்ட சத்தத்தை நினைக்க வெட்கமாக இருந்தது. எதிரே பெரியவர் இன்னும் ஏசிக்கொண்டிருந்தார். இவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வேனுக்கு அடியில் புகுந்தான்.

பெரியவர் திரும்பி வந்தபோது அட்டை முழுக்கச் சிவந்திருந்தது.

மெக்கானிக் இதையும் எதிர்ப் பட்டறையைப் பார்த்து, தெருவே கேட்கும்படிதான் சொன்னான். "அண்ணே, மன்னிச்சுடுங்க. நீங்க சொன்னதுதான் சரி. எனக்குத்தான் வேலை தெரியலை. கியர்பாக்ஸ் போயிடுச்சு."

தாடிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குள் போய்விட்டார்.

அடுத்த ஏச்சு தனக்குத்தான் என்று மெக்கானிக் காத்திருந்தான். பெரியவர் ஏசவில்லை. குனிந்து அட்டையைப் பார்த்தார். வேனின் கதவை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

"சரிப்பா. அதுக்கும் வயசாயிடுச்சு" என்றவர், மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"ஆனா பையன் வாசல்லயே நின்னுக்கிட்டு இருப்பானே?"