தெருவில் விழுந்த பெட்டி

அக்கா சொல்லும் இந்தக் கதையை முப்பது வருடமாக நான் முழுதாக நம்பியதில்லை. அவள் பொய் சொல்கிறவள் அல்ல. ஆனாலும் எங்கோ ஓரிடம் இடித்துக்கொண்டே இருந்தது. அது எந்த இடம் என்று நேற்றுதான் பிடிபட்டது.

அக்கா பஸ் டிரைவர். அப்பா கண்ணாடிச் சாமான் கிடங்கில் பெட்டி கட்டுகிறவராக இருந்து, போய்ச் சேர்ந்துவிட்டார்.

நேற்று அக்காவுக்குக் கடைசி நாள் வேலை. தொப்பியைக் கழற்றி வைத்ததும் ஆரம்பித்தாள்.

"மாப்பிள்ளை வீட்டார் கூடத்துல உக்காந்திருக்காங்க. நான் நேரா வந்து, 'எனக்குக் கல்யாணம் வேண்டாம். திங்கக்கிழமை பஸ் ஓட்டப் போறேன்'னேன். பெரியப்பா குதிச்சார். 'ஸ்டியரிங் பிடிக்கிற கையை எவன்டி பிடிப்பான்?'"

"நீ?"

"'எவனும் பிடிக்க வேண்டாம் பெரியப்பா. வண்டி ஓட்ட ரெண்டு கையும் எனக்கு வேணும்'னேன்."

சிரித்தேன். நான் அப்போது விடுதியில் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு பெரியப்பா காட்டிய பெண்ணைக் கட்டி, காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தவன். சிரிக்க எனக்கென்ன யோக்கியதை?

"அப்பா என்ன செஞ்சார்?"

அக்காவின் முகம் இறுகியது.

"'என் மூஞ்சியில முழிக்காதே, போடி வெளியே!'ன்னு தெருவே கேக்கக் கத்தினார். உள்ளே போனார். ரெண்டு நிமிஷம் ஆகலை, என் பெட்டி பறந்து வந்து தெருவுல விழுந்துச்சு."

"உள்ளே என்ன இருந்தது?"

"எல்லாம்தான். துணி, சான்றிதழ், இந்தக் கண்ணாடி. மெத்தைக்கு அடியில நான் ஒளிச்சு வெச்சிருந்த வேலை உத்தரவைக்கூட மோப்பம் பிடிச்சு எடுத்து எறிஞ்சிருக்கார். அது போதாதுன்னு பெட்டி பூரா வைக்கோல்! குப்பையோட குப்பையா என்னையும் வீசினார் மனுஷன். அதான், அவர் செத்தப்பக்கூட நான் அழலை. ஊர் பேசுச்சு. பேசட்டும்."

சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தேன். முப்பது வருடம் தினமும் அதன் முன் நின்றுதான் தொப்பியைச் சரிசெய்துகொள்வாள். ஒரு கீறல் இல்லை.

"அக்கா, தெருவுல எறிஞ்சாலும் கண்ணாடி உடையாதபடி சுத்தி வைக்கோல் அடைச்சு, அந்தப் பெட்டியை அப்பா எப்பக்கா கட்டி வெச்சார்?"