அன்புள்ள மாரென்

"'அன்புள்ள மாரென், உன்னைப் போன்ற ஒருத்தியைத்தான் நாங்கள் இத்தனை நாளும் தேடிக்கொண்டிருந்தோம்.' கேட்டீங்களாப்பா? தேடிட்டு இருந்தாங்களாம்."

கிளென் அடுப்பில் முட்டையைப் புரட்டிப் போட்டார். "தேடினவங்க கட்டணத்தையும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்."

மாரென் சிரிக்கவில்லை. ஆல்டர்மியர் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்ட இன்றுதான் கடைசி நாள். நான்கு வருடப் படிப்புக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலர் கடன். பெரியவர் யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா மாட்டேன் என்றுவிட்டார். பெக் அத்தை போடுகிறேன் என்று சொல்லி, பக்கத்து ஊரிலிருந்து காரில் கிளம்பிவிட்டாள்.

"அவ வர்றதுக்குள்ள நான் சொல்றதை ஒரு தடவை முழுசா கேளும்மா. முதல் ரெண்டு வருஷம் நம்ம ஊர் கம்யூனிட்டி காலேஜ், கட்டணம் ரொம்பக் கம்மி. வீட்டுலேர்ந்தே போயிட்டு வா. எங்க போனாலும் அந்த ரெண்டு வருஷம் அதே கணக்கு, அதே ஆங்கிலம், அதே வேதியியல்தான். அப்புறம் மாநிலப் பல்கலைக்கழகத்துல நேரா மூணாவது வருஷத்துல சேர்த்துப்பாங்க. ரெண்டு இடத்துக்கும் நடுவுல ஒப்பந்தமே இருக்கு. கடைசியில கைக்கு வர்ற பட்டத்துல மாநிலப் பல்கலைக்கழகத்தோட பேருதான் இருக்கும். நீ எங்க ஆரம்பிச்சேன்னு அதுல ஒரு எழுத்துகூட இருக்காது."

"டயர் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவுல இருக்கே, அந்தக் காலேஜ்தானே?"

"டோனட் நல்லாவே இருக்கும்."

"திங்கட்கிழமை எல்லாரும் அவங்கவங்க சேரப்போற இடத்தோட பேர் போட்ட பனியன்ல வருவாங்க. நான் எதைப் போட்டுட்டுப் போக? டயர் கடை பனியனையா?"

"'எனக்குக் கடன் இல்லை'ன்னு எழுதிப் போட்டுட்டுப் போ. பள்ளிக்கூடமே பொறாமைப்படும். இப்ப இல்ல, பத்து வருஷம் கழிச்சு."

மாரென் கடிதத்தை மேசையில் விரித்து நீவினாள். போன அக்டோபரில் வந்தது. எத்தனையோ முறை மடித்துப் பிரித்ததில் மடிப்புகள் கிழியத் தொடங்கியிருந்தன.

கிளென் விடவில்லை. "போன வருஷம் தகுதித்தேர்வு எழுதினியே, விண்ணப்பத்துல 'பல்கலைக்கழகங்கள் உங்களைத் தொடர்புகொள்ளலாமா'ன்னு ஒரு சின்னக் கட்டம் இருந்திருக்குமே. டிக் அடிச்சியா?"

"அடிச்சேன். அதுக்கென்ன?"

"அந்த நிமிஷமே உன் பேரும் விலாசமும் விலைக்குப் போயாச்சு. அதுக்கப்புறம் மெஷின் பேரை மட்டும் மாத்தி மாத்தி அடிச்சுத் தள்ளும். நிறையப் பேர் விண்ணப்பிச்சாத்தான் நிறையப் பேரை வேண்டாம்னு சொல்ல முடியும். நிறையப் பேரை வேண்டாம்னு சொன்னாத்தான் உசத்தியான இடம்னு பேர் வரும். அதுக்குத்தான் இந்தத் தேடல் எல்லாம்."

"கீழ பேனாவால கையெழுத்துப் போட்டிருக்கே. விரலை வெச்சா மை ஈஷுது, பாருங்க."

"பேனா பிடிக்கிற மெஷின் இருக்கு. ஈஷணும்னே அந்த மையை வாங்குவாங்க."

"சரி, இதையும் மெஷின்தான் யோசிச்சுதா?" மாரென் குரலை உயர்த்திப் படித்தாள். "'நூலகத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. கால்களை மடக்கிக்கொண்டு, சாப்பாட்டையும் மறந்து, நீ அங்கே படித்துக்கொண்டிருப்பாய்.' நான் அப்படித்தான் படிப்பேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? பதினெட்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். நீங்களும் நாள் முழுக்க ஆபீஸ்ல எதையோ தட்டிட்டு வர்றீங்க. இப்படி ஒரு வரி உங்களுக்கு என்னைக்காவது தோணியிருக்கா?"

கிளென் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். முட்டையின் ஓரம் கருகிக்கொண்டிருந்தது.

"இதை எழுதினவர் யாரோ, அவருக்கு என்னைத் தெரியும்ப்பா. உங்களுக்குத்தான் தெரியல."

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பெக் அத்தைக்குக் கதவைத் திறக்க மாரென் எழுந்தாள்.

கிளென் அடுப்பை அணைத்தார். "ரெண்டாவது பக்கம் எங்கம்மா?"

அவள் நின்றுவிட்டாள். இரண்டாவது பக்கத்தை அவள் யாருக்கும் காட்டியதில்லை. அது மாடியில், அவள் தலையணை உறைக்குள் இருந்தது.

"'பின்குறிப்பு'" என்று ஆரம்பித்தார் கிளென், கருகிய முட்டையைப் பார்த்தபடியே. "'வகுப்பில் பதில் தெரிந்தும் கை தூக்காமல் உட்கார்ந்திருப்பவள் நீ. பரவாயில்லை, மாரென். இங்கே நாங்களே உன்னிடம் வந்து கேட்போம்.'"

ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. வாசல் மணி அடித்தது; இருவரும் அசையவில்லை.

"அந்தப் பின்குறிப்பை எழுதினதுக்குத்தான் கம்பெனியில எனக்கு போனஸ் குடுத்தாங்க" என்றார். "எழுபதாயிரம் வீட்டுக்கு அனுப்பினோம்மா, அதுல நம்ம வீடும் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."