சம்மதப் பொத்தான்

“அமத்தாதையும் வசந்தி! விரலை எடும்!”

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்த கதிர்காமநாதனுக்கு மூச்சு வாங்கியது. மனைவியை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, ஆக்லாந்து மழையில் காருக்கு இடம் தேடி அலைந்ததில் பிந்திவிட்டார். அதற்குள் வசந்தமலரின் விரல் டேப்லெட்டில் பச்சைப் பொத்தானுக்கு மேல் நின்றது.

“ஒரு கிட்னி குடுக்கச் சம்மதம். அவ்வளவுதானே?”

“அவ்வளவுதானோ? முழுக்க வாசிச்சனீரோ?”

“செய்தது நீங்கள்தானே. பிறகென்னத்தை வாசிக்கிறது?”

மலேசியாவிலிருந்து வந்த நர்ஸ் எலிசபெத் சிரித்துவிட்டாள்.

அந்த டிஜிட்டல் படிவத்தை வடிவமைத்தவர் கதிர்காமநாதன்தான். யாரும் அவசரத்தில் சம்மதிக்கக் கூடாது, ‘வேண்டாம்’ பொத்தானும் அதே அளவில் இருக்க வேண்டும் என்று மீட்டிங்கில் மேசையைத் தட்டியவர். தன் வீட்டு மார்ட்கேஜ் கடனுக்கே வாசிக்காமல் ‘சம்மதம்’ போட்டவர் என்பது வேறு விஷயம். கடைசிவரை வாசித்தால்தான் பொத்தான் திறக்கும் என்று அவர் போட்ட பூட்டை, மனைவி திரையை ஒரே இழுவையில் கடைசிக்குத் தள்ளி உடைத்துவிட்டாள்.

“நான் வாசிக்கிறன், கேளும்.” தண்ணீருக்குப் பதிலாகக் காகிதக் கோப்பையிலிருந்து ஒரு ஐஸ் துண்டை எடுத்து வாயில் அதக்கிக்கொண்டு தொடங்கினார். ரத்தப்போக்கு வரலாம். தழும்பு மறையாது. மிச்சம் இருக்கும் கிட்னியும் பிற்காலத்தில் பழுதானால்... அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார்.

“இப்படிப் பயமுறுத்தினா யாருண்ணா குடுப்பாங்க?” என்றாள் எலிசபெத்.

“அதுதான் தங்கச்சி நல்ல படிவம். வேண்டாமெண்டு சொல்லவும் விடோணும்.”

வசந்தமலர் நர்ஸின் பக்கம் திரும்பினாள். “நான் குடுக்காட்டி அந்த மனுசன்ரை கதி?”

“டயாலிசிஸ்தான் அக்கா. வேற ஆள் கிடைக்கணும். காத்திருக்கிறவங்க நிறைய. அதுக்குள்ள என்ன வேணா ஆகலாம்.”

“அந்தக் கதையை இஞ்ச எடுக்கக் கூடாது!” கதிர்காமநாதன் பாய்ந்தார். “வாங்கிறவனை நினைச்சு ஒருத்தரும் சம்மதிக்கக் கூடாது. அதையும் நான்தான் எழுதினனான்.”

மிச்சத்தையும் ஒரு வரி விடாமல் வாசித்தார். அவள் கடைசிவரை கேட்டாள். முடிந்ததும் டேப்லெட்டை அவள் மடியில் வைத்து, ‘வேண்டாம்’ பொத்தானைத் தானே சுட்டிக் காட்டினார்.

“இதை அமத்தினாலும் ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்.”

வசந்தமலர் பச்சையை அமத்தினாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இஞ்சருங்கோ, நான் சம்மதிச்சிட்டன். உங்களுக்கு என்ரை கிட்னி வேணுமோ, வேண்டாமோ?”